கோவையா, திருச்சியா? குடிபோகும் முன்...

சின்னக் குழந்தைகளோடு ஊர் மாறும்போது சம்பளக் கணக்கு மட்டும் போதாது. இவற்றையும் பாருங்கள்:

• வெயில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் கோவையில் கோடை சற்று இதம். திருச்சியில் மே மாதம் அனல் பறக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள வீட்டைத் தவிர்க்கலாம்.

• தண்ணீர்: கோவை முழுக்கச் சிறுவாணித் தண்ணீர் வராது. எந்த ஊரானாலும், குழாய்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். குழாய் முனையில் வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத் தண்ணீர்தான்.

• பள்ளி: வேலைநாளில் காலை எட்டரைக்கு, பார்த்த வீட்டிலிருந்து பள்ளிவரை வண்டியில் போய்ப் பாருங்கள்.

• மருத்துவம்: இரவிலும் குழந்தை மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம்?

• சொந்தம்: தாத்தா, பாட்டி தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் என்றால் திருச்சி; பொள்ளாச்சி, திருப்பூர் என்றால் கோவை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

• அட்வான்ஸ்: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், 2017 வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைதான் உச்சவரம்பு.

வீடு, மனை வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருந்து பாருங்கள்.