எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

அன்புள்ள மருமகனுக்கு,

ஓர் அல்பத்தை வைத்துக்கொண்டு நீயும் உன் கூட்டாளிகளும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய குரல்பதிவையும் கேட்டேன். ட்ரீம் தியேட்டர் இசைக்குழு 1999இல் வெளியிட்ட ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’யைப் போல ஆளை உலுக்கும் அல்பம் வேறில்லை என்பது உன் கட்சி. அது வெறும் விரல் வித்தை, கணக்குப் பாடத்துக்குக் கிட்டார் வாசித்தது, உள்ளே உயிரே இல்லை என்பது டிக்கோயாப் பையனின் கட்சி. மூன்றாமவன் உங்கள் இருவரையும் தள்ளிவிட்டு, ஸ்வீடன்காரர்களான ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’தான் என்று நிற்கிறான். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஆரம்பித்த வாக்குவாதம் டியூஷன் வகுப்புக்குள்ளும் போய்விட்டது. மாமா ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்கிறாய்.

தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நீங்கள் வாதாடும் விதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். உன் நீண்ட குரல்பதிவில் ‘வேற லெவல்’, ‘சொல்ல வார்த்தையில்லை’, ‘உயிரை உருக்குது’ என்பவற்றைத் தவிர ஒன்றும் இல்லை. எந்தப் பாட்டு, அதில் எந்த இடம், அங்கே என்ன நடக்கிறது, ஒரு தகவலும் கிடையாது. அவனும் இப்படித்தான் பேசியிருப்பான். சாட்சி இல்லாத வழக்கை எத்தனை நாள் நடத்துவீர்கள்?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். மராட்டியர் ஆட்சியோடு அங்கே வந்து, தமிழாகிப்போன பாட்டு வகை அது. பாடுகிறவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து உட்காருவார்கள். சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோனான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. விடிய விடியப் பாட்டாலேயே வழக்கு நடக்கும். ஒரு கட்சி கேள்வி போட்டால் மற்றக் கட்சி புராணத்திலிருந்து இடம் காட்டிப் பதில் பாட வேண்டும். காட்டத் தெரியாதவன் தோற்றான். இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருப்பதுதான் அதன் சுவை. உடம்பு சாம்பலானது உண்மை. ரதி அழுது வரம் வாங்கியதும், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிந்ததும் அதே கதையில்தான் இருக்கின்றன. ஆகவே வழக்கு முடியவே முடியாது. முடிய வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அந்தக் கதைதான் திருச்சி, தஞ்சாவூர், சேலம் என்று பல ஜில்லாக்களிலிருந்து கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் ஆள் கட்டி வந்தவர்களோடு இலங்கையில் நம் மலைக்கு ஏறி வந்தது. இங்கே அது காமன் கூத்து. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் வைக்கோல் சுற்றிய கம்பத்தை நட்டால், பௌர்ணமி வரைக்கும் தோட்டத்துக்கு வேறு நினைப்பு இருக்காது. பகலில் கொழுந்து, இரவில் கூத்து. ரதி–மதன் கல்யாணம், சிவனுடைய தவத்தைக் கலைக்க மதன் கிளம்புவது, ரதி தடுப்பது, தூதன் வருகை, வீரபத்திரன் வருகை, எரிப்பு, ரதியின் ஒப்பாரி. கதை எல்லாருக்கும் தெரியும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அக்காவுக்குக்கூட அடுத்து யார் வருவார் என்று தெரியும். இருந்தும் ரதி அழும்போது கூட்டம் அழுகிறது. ரதி வேஷம் கட்டியிருப்பது மீசை மழித்த ஓர் ஆண் என்று தெரிந்தும் அழுகிறது.

ஏன் என்று யோசித்துப் பார். பாட்டின் சொற்கள் மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்த பாட்டுகள் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983இல் புத்தகமாக வந்தன. பெரிய தொண்டு. ஆனால் ஓர் ஒப்பாரியை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தால் மனம் கனக்குமே தவிர, உடம்பு நடுங்காது. கூத்தில் அந்த ஒப்பாரிக்கு முன்னால் வீரபத்திரன் வந்து போயிருக்கிறான். தப்புப் பறையின் அடி மாறி, வேகம் கூடி, கூட்டம் பின்வாங்கி, பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்து, தீ எழுந்து அடங்கியிருக்கிறது. அப்புறம்தான் அவள் வாய் திறக்கிறாள். பயமும் பிரமிப்பும் கலங்கவைத்த மனத்துக்குள் துக்கம் தடையில்லாமல் இறங்குகிறது.

தப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கோயாப் பையன் ‘டெக்னிக்’ என்று இளக்காரமாகச் சொல்வதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மலையில் பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். வைக்கோலையோ கடதாசியையோ கொளுத்தி அனலில் காட்டி இறுக்குவார்கள். ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்கு ஆளைக் கூப்பிட்டதும் தப்பு, சாமி ஊர்வலத்துக்கும் தப்பு, சாவு வீட்டுக்கும் தப்பு. அடி மட்டும் வேறு வேறு. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள் படுத்திருப்பவருக்கு அடியைக் கேட்டாலே சேதி தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் கை தப்பினால் உணர்ச்சியும் தப்பும். இத்தனை திறமையையும் ஒரு பகுதி மக்களின் சாதிக் கடமையாக்கி, கலைஞன் என்ற மரியாதையைக் கொடுக்காமல் வேலை வாங்கினோம் என்பதையும் தெரிந்துகொள். இன்று பிள்ளைகள் மேடையில் பெருமையாகத் தப்பு எடுப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

இனி அல்பத்துக்கு வா. 1992இல் ட்ரீம் தியேட்டர் வெளியிட்ட ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’ அல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பில் விளையாட்டாகப் ‘பார்ட் 1’ என்று போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் விடவில்லை, இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1997இல் வந்த அல்பத்தில் கம்பனியின் தலையீடு அதிகம். அடுத்ததில் தங்கள் இஷ்டப்படி செய்ய வழி கிடைத்ததும், இரண்டாம் பாகத்தையே, நீங்கள் சண்டை போடும் இந்த 77 நிமிட முழுக் கதையாக்கிவிட்டார்கள். நிக்கொலஸ் என்பவன் மனோவசிய சிகிச்சையில் தன் முற்பிறவியைக் காண்கிறான். 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்ற பெண்தான் அவன். பத்திரிகைச் செய்தி ஒருவனைக் கொலைகாரன் என்கிறது. கதை போகப் போக வேறொருவன் என்று தெரிகிறது. ஒரே சாவுக்கு இரண்டு கட்சி. முற்பிறவியை நம்புகிற ஊரில் பிறந்த நமக்கு இந்தக் கதை அந்நியமே இல்லை.

உங்கள் சண்டை முழுக்க ஒன்பதாவது துண்டைச் சுற்றித்தான் என்று ஊகிக்கிறேன்: ‘த டான்ஸ் ஒஃப் இடர்னிட்டி’. பாட்டே இல்லாத ஆறு நிமிடம். தாளக்கட்டு நூறு தடவைக்கு மேல் மாறுகிறது. நடுவில் பழைய சலூன் பியானோ மாதிரி ஒரு கோணங்கி வேறு. கேட்டவுடன் அழுகிறவன் யாரும் இருக்க மாட்டான். அதனால் உணர்ச்சி இல்லை என்று ஆகிவிடுமா?

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல் உண்டு. உயர்தரத் தமிழில் பெயராவது கேள்விப்பட்டிருப்பாய். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறார் தொல்காப்பியர். மருட்கை என்ற வியப்பு, அழுகைக்குச் சமமாக அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகியவற்றிலிருந்து அது பிறக்கும். ஒன்பதாவது துண்டில் டிக்கோயாப் பையன் வாய் பிளந்திருப்பான். வாய் பிளப்பதும் மெய்ப்பாடுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அழுகை வரவில்லை என்பதை உணர்ச்சி வரவில்லை என்று சொல்லிவிட்டான். நீயோ உனக்கு வந்த வியப்பையும் துக்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வேற லெவல்’ என்று பெயர் எழுதி அனுப்பிவிட்டாய். இரண்டு பேரும் வேறு வேறு சமாசாரத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒற்றைப்படைக் கணக்கென்றால் ஈரமில்லை என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். ஏழு எண்ணிக்கை நம் காதுக்குப் புதிதல்ல. தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாகக் கையில் போட்டால் மிஸ்ர சாபு. கர்நாடக இசையில் நெஞ்சைப் பிழியும் உருப்படிகள் எத்தனையோ அந்தத் தாளத்தில் நடக்கின்றன.

இப்போது வரிசையைப் பார். எட்டாவது ‘ஹோம்’, கிட்டத்தட்ட பதின்மூன்று நிமிடக் கொந்தளிப்பு. ஒன்பதாவது அந்த வியப்பு. பத்தாவது சிறிது மூச்சு விடும் இடம். பதினொன்றாவதாகத்தான் ‘த ஸ்பிரிட் கேரீஸ் ஒன்’ வருகிறது: மெதுவான நடை, கிட்டாரில் அவசரமில்லாத சில சுரங்கள், பின்னால் தேவாலயப் பாணிக் கூட்டுக்குரல். வீரபத்திரன் போன பிறகு ரதி வருகிற அதே முறை. இன்னொன்றையும் கவனி. அல்பத்தின் முதல் துண்டில் மனோவசியத்துக்குள் இறங்கும்போது நிக்கொலஸ் ஒரு சின்ன மெட்டைப் பாடுவான். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, இந்தப் பதினொன்றாவது பாட்டின் நடுவில் அந்த மெட்டு, தொடக்கச் சொற்களும் மாறாமல் திரும்பி வருகிறது. ஆனால் முதலில் பயணம் கிளம்பியவன் பாடியது. இப்போது விடை கிடைத்தவன் பாடுவது. உனக்கு மயிர்க்கூச்செறிந்தது அங்கேயா என்று போய்க் கேட்டுப் பார். ஆமென்றால், உன் கட்சிக்கு முதல் சாட்சி கிடைத்துவிட்டது. அந்தப் பாட்டை மட்டும் பிடுங்கிக் கேட்கிறவனுக்கு அது நல்ல மெதுவான பாட்டு, அவ்வளவுதான். பாடல்வரிகளைத் தாளில் எழுதி வாசித்தால் சில இடங்கள் சப்பென்றே இருக்கின்றன. அதை நீ ஒப்புக்கொண்டே வாதாடலாம்.

மொன்றியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை வரும். இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நேரத்திலேயே, மூளையின் இன்னொரு பகுதியில், டோபமின் சுரந்தது. காத்திருக்கவைப்பதுதான் பாதி வேலை. அடுத்து யார் வருவார் என்று தெரிந்த கூட்டம் ஏன் அழுகிறது என்பதற்கும் இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. அந்த ஆய்வில் இசையைத் தெரிவுசெய்தது ஆய்வாளர்கள் அல்ல. கலந்துகொண்டவர்கள் தத்தமக்குச் சிலிர்ப்புத் தரும் இசையைத் தாங்களே கொண்டுவந்தார்கள். எல்லாரையும் ஒரே பாட்டால் சிலிர்க்கவைக்க முடியும் என்று ஆய்வாளர்களும் நம்பவில்லை.

கேட்கிறவன் என்ன கொண்டுவருகிறான் என்பது தனி விஷயம். அழுகைக்குத் தொல்காப்பியர் சொல்லும் நான்கு காரணங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு என்பது இழப்பு. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டு வேறாகி நிற்பது. இவை நம் மலையக மக்களுக்கு நேர்ந்தவை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலைகள் பங்கு பிரிக்கப்பட்டன. 1,50,000 பேரின் கதி பிறகு பார்க்கலாம் என்று விடப்பட்டது. அண்ணன் போக, தம்பி நிற்க, நம் ஸ்டேஷன்களில் எழுந்த கூக்குரலால் அந்த ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அந்த வருஷங்களில் காமன் கூத்தில் ரதி அழுதபோது, கூட்டம் மதனுக்காக மட்டுமா அழுதிருக்கும்?

ஆகவே உன் கூட்டாளிக்கு அழுகை வராதது அவனுடைய குறையுமல்ல, அல்பத்தின் குறையுமல்ல. அவன் இன்னும் யாரையும் பறிகொடுக்காதவனாக இருக்கலாம். அப்படியானால் நல்லது. பிளாக்வாட்டர் பார்க்காரனிடமும் இதே கேள்வியைப் போடு. ஓபெத்தில் உறுமலும் மென்குரலும் ஒரே வாயிலிருந்து, மிக்கேல் ஓகர்ஃபெல்ட்டின் வாயிலிருந்து வருகின்றன. அச்சம் எங்கே முடிந்து துக்கம் எங்கே தொடங்குகிறது என்று அவன் இடம் காட்டட்டும். காட்டினால் அவன் கட்சிக்கு நானே பாதி ஆள்.

ஒரு நாள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, போனில் பாட்டு கலைந்து வராதபடி வைத்து, முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். காதுக்குள் செருகித் தனித்தனியாகக் கேட்பது வேறு, பக்கத்தில் இன்னொருவன் மூச்சு மாறுவது தெரியக் கேட்பது வேறு. கேட்கும்போது பேசக்கூடாது. பிறகு ஆளுக்கொரு தாளில் எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடம், எட்டில் எந்த மெய்ப்பாடு என்று எழுதுங்கள். தாள்களை மாற்றிக்கொண்ட பிறகு சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்கு நான் தேநீர் வாங்கித் தருகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பாட்டின் கடைசி நிமிடத்தில் நிக்கொலஸ் வீட்டுக்குத் திரும்புகிறான், சிகிச்சை செய்தவர் பின்னாலேயே வருகிறார், பிறகு இரைச்சல் மட்டும். பழைய கொலைகாரன்தான் அவராகப் பிறந்து வந்திருக்கிறான் என்று பெரும்பாலான ரசிகர்கள் கொள்கிறார்கள். பதினொன்றாவது பாட்டு கொடுத்த ஆறுதலைத் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று உனக்குக் கோபம் இருக்கலாம். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. ஆறுதலோடு நிறுத்தியிருந்தால் முற்பிறவிக் கதைகளில் இதுவும் ஒன்று என்று மறந்திருப்பேன். நீ மறுத்து எழுது. பாட்டின் பெயரும் நிமிடமும் இல்லாமல் வருகிற கடிதத்தை மட்டும் நான் வாசிக்க மாட்டேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா