அம்பு வளையட்டும், அளவாக

ரிகர்வ் வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நேராகப் போவதே இல்லை. நாணை விடும்போது அது விரல் நுனிகளைச் சுற்றி உருண்டுதான் வெளியேறும். அந்தப் பக்கவாட்டு உதறல் அம்பின் வாலுக்குப் போய்ச் சேர்கிறது. முன்னால் கனமான முனை நகர மறுக்கிறது, பின்னால் நாண் தள்ளுகிறது, நடுவில் அம்பு வளைகிறது. முதலில் அம்பின் பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான ப்ளஞ்சர் மேல் அழுந்தும், பிறகு எதிர்ப்பக்கம் வளையும், இறகுகள் வில்லைத் தொடாமல் விலகும். அதன்பின் மீனைப்போல நெளிந்துகொண்டே இலக்குக்குப் போகும்.  1930களில் இந்த விந்தையை அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டியவர் கிளாரன்ஸ் ஹிக்மன்.

அம்பு வளையும் வேகமும் நாண் தள்ளும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அம்பு விறைப்பாக இருந்தால் வளையாமல் ஒரு பக்கம் ஒதுங்கும், மெலிவாக இருந்தால் அளவுக்கு மீறி வளைந்து மறுபக்கம் போகும். வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே நான் அதிகம் பார்ப்பது விறைப்பான அம்புகளைத்தான். சீனியர்கள் கழித்துப்போட்ட நல்ல கார்பன் அம்பு, விலை உயர்ந்ததுதான் என்று பெற்றோர் ஆசையாக வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வலக்கைப் பிள்ளை எய்தால் அது இடப்பக்கமே போய் விழுகிறது. சைட்டை நகர்த்திச் சரிக்கட்டலாம்தான். ஆனால் விடுவதில் வரும் சின்னப் பிசகைக்கூடப் பொருந்தாத அம்பு பெரிதாக்கிக் காட்டும். கொஞ்ச நாளில் பிள்ளை மணிக்கட்டைத் திருப்பவும், நாணை வெடுக்கென்று சுண்டவும் தானாகவே பழகிக்கொள்கிறது. இப்படிப் படிந்த பழக்கத்தை மாற்றப் பல மாதம் ஆகிறது. அம்பை மாற்றுவது அதைவிட எத்தனையோ எளிது.

அம்பின் தண்டான ஷாஃப்டின் மேல் அச்சிட்டிருக்கும் 500, 700, 1000 என்ற எண்தான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மீது ஷாஃப்டைக் கிடத்தி, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறது என்ற கணக்கு அது. அரை அங்குலம் தாழ்ந்தால் 500, ஓர் அங்குலம் தாழ்ந்தால் 1000. எண் கூடக்கூட அம்பு மெலிவு. அலுமினிய அம்பில் கணக்கு வேறு. 1616 என்று இருந்தால் விட்டம் அங்குலத்தில் 64-ல் 16 பங்கு, சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அலுமினியம்தான். ஒன்றுக்கொன்று விறைப்பு மாறாது, விலையும் குறைவு.

எந்த எண் வேண்டும் என்று பார்க்குமுன் உங்கள் கையில் உண்மையில் எத்தனை பவுண்டு ஏறுகிறது என்று அளந்துவிடுங்கள். வில்லின் வளையும் கையான லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் சுமார் 2 பவுண்டு குறையும். 26 பவுண்டு என்று எழுதிய வில்லை 26 அங்குலம் மட்டும் இழுக்கும் பெண்ணின் விரல்களில் இருப்பது ஏறத்தாழ 22 பவுண்டுதான். அவளுக்கு 600 ஸ்பைன் எதற்கு? 1000-க்கும் மேலான எண்களில்தான் தேட வேண்டும்.

அளக்கும் முறை எளிது. உடம்பு சூடேறிய பிறகு நீளமான அம்பொன்றை வைத்து முழுதாக இழுக்கச் சொல்லுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, ப்ளஞ்சர் துளைக்கு நேராக அம்பில் ஒரு கோடு போட வேண்டும். நான்கைந்து முறை செய்தால் கோடுகள் ஓரிடத்தில் குவியும். பயிற்சியின் முடிவில் களைத்த கையை வைத்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். பிறகு வில் தராசின் கொக்கியை நாணில் மாட்டி, அந்தக் கோடு வரும்வரை இழுத்து எடையைப் படியுங்கள். வில் தராசு இல்லையென்றால், பயணப் பெட்டியின் எடை பார்க்கும் தொங்கு தராசே போதும். கிலோவை 2.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூங்கில் வில்லில் இந்தியன் ரவுண்டு எய்துவிட்டு ரிகர்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அந்த வில்லில் அம்பு மரத்தைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் மெலிவான அம்பு தேவைப்படும். ரிகர்வின் நடுப்பிடியான ரிசரில் அம்பு போகும் இடத்தை நடுக்கோடு தாண்டியே வெட்டியிருப்பார்கள். அதனால் அங்கே பொருந்திய விறைப்பு இங்கே பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

கடையில் தரும் அட்டவணை ஒரு தொடக்கம் மட்டுமே. மீதியை நீளமும் முனை எடையும் தீர்மானிக்கின்றன. அம்பு நீளமாக இருந்தாலோ, முனை கனத்தாலோ மெலிவாக நடந்துகொள்ளும். ஆகவே நீளமாகவே வாங்குங்கள், ஒன்றிரண்டை மட்டும் சோதித்துப் பார்த்துக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. வளரும் பிள்ளைக்கு வெட்டவே வேண்டாம் என்பேன். கார்பனைக் குழாய் வெட்டும் கருவியால் வெட்டினால் இழைகள் நசுங்கிவிடும். வேகமாகச் சுழலும் உராய்வுச் சக்கரம்தான் சரி, முகக்கவசமும் கட்டாயம். முனையை ஹாட்மெல்ட் பசையால் ஒட்டினால் பிறகு மாற்றலாம். சூடு காட்டும்போது முனைக்கு மட்டும் காட்டுங்கள், கார்பனுக்கு நேரடிச் சூடு ஆகாது.

இனி பேர்ஷாஃப்ட் சோதனை. இறகு ஒட்டிய அம்பில் பிழையை இறகுகள் திருத்திவிடும். இறகில்லாத அம்புக்கு அந்த உதவி கிடையாது, அதனால் உள்ளதை உள்ளபடி காட்டும். 18 மீட்டரில் இறகுள்ளவை மூன்று, இல்லாதவை இரண்டு, எல்லாவற்றையும் ஒரே புள்ளியைக் குறிவைத்து எய்யுங்கள். முதலில் மேல்கீழைச் சரிசெய்ய வேண்டும். பேர்ஷாஃப்ட் மேலே விழுந்தால் நாணில் அம்பு பொருந்தும் இடமான நாக்கிங் பாயின்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், கீழே விழுந்தால் இறக்குங்கள். அதன் பிறகே இடவலம். வலக்கை வில்லாளிக்குப் பேர்ஷாஃப்ட் இடப்பக்கம் விழுந்தால் விறைப்பு, வலப்பக்கம் விழுந்தால் மெலிவு. இடக்கையருக்கு நேர்மாறு. அம்பு பலகையில் சாய்ந்து நிற்கும் கோணத்தை நான் பொருட்படுத்துவதில்லை. பழைய ஃபோம் பலகையின் அடுக்குகள் அம்பை எப்படி வேண்டுமானாலும் திருப்பிவிடும். எங்கே விழுந்தது என்பதே கணக்கு.

திருத்தத்துக்கும் ஒரு வரிசை உண்டு. ஒரு சாண் தள்ளி விழுகிறது என்றால் ப்ளஞ்சரைத் தொடாதீர்கள். ஸ்பைனே தவறு, இல்லை நீளம் தவறு. நாலு விரற்கடை என்றால் முனையில் 10 கிரெய்ன் கூட்டலாம் குறைக்கலாம், அல்லது லிம்ப் போல்ட்டை அரைச்சுற்று திருகி வில்லின் எடையை மாற்றலாம். மிஞ்சும் சின்ன வித்தியாசத்துக்குத்தான் ப்ளஞ்சர் ஸ்பிரிங். விறைப்பாகக் காட்டினால் தளர்த்துங்கள், மெலிவாகக் காட்டினால் இறுக்குங்கள். பலரும் தலைகீழாக ப்ளஞ்சரிலிருந்து தொடங்கி, ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கிவிட்டு வழிதெரியாமல் நிற்கிறார்கள்.

எதற்கும் ஒத்துவராமல் சோதனை முரண்டு பிடித்தால் இறகு எங்கோ உரசுகிறது என்று பொருள். இறகின் விளிம்பில் லிப்ஸ்டிக் தடவி ஓர் அம்பு எய்து பாருங்கள், ரெஸ்ட்டிலோ ரிசரிலோ கறை தெரியும். பெரும்பாலும் அம்பின் வாலில் நாணைக் கவ்வும் நாக்கைச் (nock) சற்றுத் திருப்பினாலே தீரும். தீராவிட்டால் அம்பின் பொருத்தத்தை மறுபடி பாருங்கள்.

எய்த அம்புகளின் குழு சிதறும் பிள்ளைக்கு இந்தச் சோதனையே வேண்டாம். அட்டவணைப்படி ஏறக்குறையப் பொருந்தும் அம்பைக் கொடுத்து எய்ய விடுங்கள். இறகுள்ள அம்புகள் 18 மீட்டரில் ஓர் உள்ளங்கைக்குள் விழத் தொடங்கினால்தான் பேர்ஷாஃப்ட் சொல்வது வில்லைப் பற்றியதா, விரலைப் பற்றியதா என்று பிரித்துப் பார்க்க முடியும். குழு இறுகிய பிறகு 30 மீட்டருக்குப் போய் அதே சோதனையைச் செய்யுங்கள். 18-ல் தெரியாத பிசகு அங்கே தெரியும். லிம்ப் மாற்றினாலும், நாணில் இழைகளின் எண்ணிக்கையை மாற்றினாலும் திரும்பச் செய்ய வேண்டும். இழை குறைந்தால் நாண் வேகமாகும், நேற்றுவரை பொருந்திய அம்பு இன்று மெலிவாகக் காட்டும்.