பட்டிக்கு நாய் பழக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கோபிசெட்டிபாளையத்தில் நாய்ப் பயிற்சியைத் தொழிலாக எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உட்கார், படு, கை கொடு என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. உன்னைத் தேடி வரும் தோட்டக்காரர் கேட்பது வேறு: "ஆட்டுமேல வாய் வெக்கக் கூடாதுங்க தம்பி." அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியும். ராத்திரியில் பட்டிக்குள் புகுந்த நாய்கள் ஆடுகளைக் குதறிப் போட்டன. செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்தார்கள். பேச்செல்லாம் தெருநாயைப் பற்றித்தான். ஆனால் நம் தோட்டங்களில் வழக்கம் என்ன? பகலெல்லாம் சங்கிலி, இருட்டினால் அவிழ்த்து விடுவது. அந்த நாய் இட்டேரி வழியே எங்கே போகிறது, எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. விடியும்போது வாசலில் வந்து படுத்திருந்தால் சாதுவான நாய். நீ முதலில் பழக்க வேண்டியது அந்தச் சங்கிலியை அவிழ்க்கிற கையை. ராத்திரிக்கு ஒரு கம்பிவலை அடைப்பு போடச் சொல். கிளுவை வேலி ஆட்டை நிறுத்தும், நாயை நிறுத்தாது.

"வயிறு நிறையச் சோறு போட்டா ஆட்டைத் தொடாது" என்பார்கள். நம்பாதே. பட்டியில் புகுந்த நாய் பல ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றையும் தின்னாமல் போவது உண்டு. பசி வேறு, துரத்தும் ஆசை வேறு. வெறித்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று அது ஒரு தொடர். ஆடு ஓடினால் போதும், அடுத்தடுத்த படி தானாக வரும். மந்தை ஓட்டும் பார்டர் கோலி நாய்க்குள்ளும் இதே தொடர்தான். கவ்வும் படிக்கு முன்னால் நிற்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் பிடிக்க வளர்த்த இனங்கள். ஓடுவதைக் கண்டால் பாய்வதுதான் அவற்றின் பிறவிக்குணம். நாட்டு நாய் மேல் இப்போது இளைஞர்களுக்குப் பெரிய மோகம். நல்லதுதான். ஆனால் பட்டிக் காவலுக்கு என்று சிப்பிப்பாறைக் குட்டியோடு ஒருவர் வந்தால், பணம் வாங்குமுன் இதைச் சொல்லிவிடு.

ஆட்டோடு இருந்து காவல் காக்கும் நாய் ஒன்று; ஆட்டைக் கண்டும் காணாமல் போகும் நாய் இன்னொன்று. எது வேண்டும் என்று கேட்டுக்கொள். காவல் நாயைப் பயிற்சியால் உண்டாக்குவதைவிட வளர்ப்பால் உண்டாக்க வேண்டும். டார்வின் 1833-இல் உருகுவேயில் பார்த்ததை எழுதியிருக்கிறார்: குட்டியைச் சின்னதிலேயே தாயிடமிருந்து பிரித்து, பெண் செம்மறியிடம் பால் ஊட்டி, பட்டிக்குள்ளேயே கம்பளி மெத்தை போட்டு வளர்த்தார்கள், மற்ற நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் சேரவிடவில்லை. நாயின் சமூக உறவு பதிவது ஏறத்தாழ 3-வது வாரம் முதல் 12-வது வாரம் வரை என்று பிற்பாடு ஆய்வாளர்கள் சொன்னார்கள். எட்டு வாரக் குட்டியை வாங்கி வந்தால் உனக்கு மிச்சம் ஒரு மாதம். அந்த ஒரு மாதம் குட்டி திண்ணையில் அல்ல, படலுக்குப் பக்கத்தில் வளரட்டும். முட்டத் தெரிந்த மூத்த ஆடு ஒன்று அருகே இருந்தால் குட்டிக்கு மரியாதை சீக்கிரம் வரும். குட்டிக்கு ஒளிய ஒரு மூலையும் வை.

வளர்ந்த நாய்க்கு வழி நீளம். முப்பதடிக் கயிறு கட்டு. ஆடு கண்ணில் படவேண்டும், ஆனால் நீ கூப்பிட்டால் நாய் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். அந்தத் தூரத்தில் நில். அது ஐம்பதடியோ இருநூறடியோ, நாய்தான் சொல்லும். திரும்பியதும் தீனி கொடு. திரும்புவது பழக்கமான பிறகே இரண்டு எட்டு முன்னால் போ. வாய் மூடி, காது முன்னால் வந்து, வால் அசையாமல் உடம்பு விறைத்தால் பாய்ச்சலுக்கு முந்தின நிமிடம் அதுதான். குரைக்கும் நாயைவிட இந்த மௌன நாய்க்குப் பயப்படு. அப்போது அதட்டாதே, பின்னால் நகர். சினை ஆட்டையும் குட்டிகளையும் பயிற்சிக்கு வைக்காதே. துரத்தல் அதிர்ச்சியிலேயே சினை கலையலாம். அந்த நஷ்டம் ஆட்டுக்காரருடையது. நாயைத் திருத்த யாருடைய ஆட்டையும் பலி கொடுக்க உனக்கு உரிமை இல்லை.

கழுத்தில் ஷாக் அடிக்கும் பட்டையை இணையத்தில் விற்கிறார்கள். அதைத் தொடாதே என்பேன். வலி ஆட்டிடமிருந்து வருகிறது என்று நாய் எடுத்துக்கொண்டால் சில நாய் அஞ்சும், சில நாய் ஆட்டின்மேல் வெறிகொள்ளும். எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல உன்னால் முடியாது.

ஏற்கெனவே ஆட்டைக் கொன்ற நாயைக் கொண்டுவந்தால் "சரிபண்ணித் தர்றேன்" என்று வாக்குக் கொடுக்காதே. கட்டுப்பாடு கற்றுக்கொடுக்கலாம், அவிழ்த்து விடும் நம்பிக்கையைக் கொடுக்க முடியாது. ஆள் இருக்கும்போது கயிறு, ஆள் இல்லாதபோது அடைப்பு, வெளியே போனால் வாய்க்கூடை. ஆயுசுக்கும் அப்படித்தான். கேட்கிறவர் முகம் சுளிப்பார், உனக்கு ஒரு வருமானம் போகும். போகட்டும்.

கடைசியாக, தொழிலோடு ஒட்டிய ஒன்று. ஆடு தலை சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாகும் நோய் உண்டு. மூளைக்குள் நாடாப்புழுவின் நீர்க்கட்டி. அந்தத் தலையை நாய்க்குப் போட்டால் புழு நாயின் குடலில் வளரும். அதன் மலம் வழியாக முட்டை புல்லுக்கு வந்து, மேயும் ஆட்டுக்குள் போகும். ஆகவே தலையை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைக்கச் சொல். ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியையும் புதைத்துவிடு. அந்த ருசி நாய்க்கு வேண்டாம். மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் நம் ஊர் வழக்கத்தில் இந்தப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

குடற்புழு மருந்தை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையைக் கண்ணால் பார்க்காமல், எவ்வளவு வேண்டியவர் நாயாக இருந்தாலும், பட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்