வெறும் ரொட்டியும் சாயத் தண்ணியும் போதுமா?

காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரம். ராத்திரி சுட்ட ரொட்டியில் ஒன்று, ஒரு கோப்பை சாயத் தண்ணி. மத்தியானம் மறுபடியும் ரொட்டி, கொஞ்சம் சம்பல், மறுபடியும் தேத்தண்ணி. வயிறு நிறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் வயிறு நிறைவது வேறு, உடம்புக்கு வேண்டியது கிடைப்பது வேறு.

இம்முறை விற்றமின் ‘சி’ பற்றிப் பார்ப்போம். நமது உடம்பால் இதைச் செய்துகொள்ள முடியாது; அதிக நாள் சேர்த்து வைக்கவும் முடியாது. தோல், ஈறு, இரத்தக் குழாய் எல்லாவற்றையும் உறுதியாகப் பிடித்து வைக்கிற நார்ப்பொருள் உண்டாவதற்கு இது வேண்டும். ஒன்று முதல் மூன்று மாதம் வரை சாப்பாட்டில் இது கிடைக்காமலே போனால் ‘ஸ்கேவி’ என்ற நோய் வரும்.

முதலில் சோர்வும் கால் உளைச்சலும்தான். ‘மலை ஏறி இறங்குற கால், வலிக்கத்தானே செய்யும்’ என்று விட்டுவிடுவோம். பிறகு ஈறு வீங்கி இரத்தம் கசியும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது; வெற்றிலைச் சிவப்பா, இரத்தச் சிவப்பா என்று யார் பார்க்கிறார்கள்? காலில் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அடிபடாமலே தோல் கன்றும். மிலார் குத்திய புண் ஆறாது. பல் ஆடும். கவனியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

ஈறில் இரத்தம் வந்தாலே ஸ்கேவி என்று பயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் அது பல்லில் படிந்த ஊத்தையால் வருவது.

முன்பு கப்பலில் மாதக்கணக்காகப் போன மாலுமிகள் இந்த நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் தின்ற இரண்டு பேரும்தான் ஆறு நாளுக்குள் நன்றாகத் தேறினார்கள். அப்படியிருந்தும் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்கியது 1795இல்தான்!

நமக்குத் தோடம்பழம் வாங்கக் காசு வேண்டும். கொய்யாவுக்கு வேண்டியதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 முதல் 90 மில்லிகிராம் விற்றமின் ‘சி’ போதும். நடுத்தரக் கொய்யா ஒன்றிலேயே பொதுவாக 100க்கு மேல் இருக்கும். கான் ஓரத்தில் பிள்ளைகள் பறித்துத் தின்னும் கொய்யாவை ‘சளி பிடிக்கும்’ என்று பிடுங்கி எறியாதீர்கள், கழுவிக் கொடுங்கள். நெல்லி, கொடித்தோடை, பப்பாசி, பச்சைக் கொச்சிக்காய், கோவா, கீரை எல்லாவற்றிலும் உண்டு.

ஆனால் சூடும் தண்ணீரும் இந்த விற்றமினுக்கு எதிரி. கீரையை நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணியோடு போய்விடும். கழுவி நறுக்கி, கொஞ்ச நேரம் மட்டும் அவியுங்கள். தேசிக்காயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள். வல்லாரைச் சம்பல் பச்சையாகவே சாப்பிடுவதால் நல்லது. நாம் கிள்ளுகிற பச்சைக் கொழுந்திலும் விற்றமின் ‘சி’ உண்டு. பெக்டரியில் கறுப்புத் தேயிலை ஆகும்போது அது அழிந்துவிடுகிறது. ஆகவே தேத்தண்ணியை நம்பிப் பயனில்லை.

இன்னொரு விஷயம், முக்கியமாகக் கர்ப்பிணித் தாய்மாருக்கு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர விற்றமின் ‘சி’ உதவுகிறது. தேத்தண்ணியின் சாயம் அதைத் தடுக்கிறது. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பலன் குறையும். தண்ணீரில் விழுங்குங்கள். தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

இன்று முற்றிய ஸ்கேவி அரிதுதான். ஆனாலும் உங்கள் லயத்தில் தனியாக ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். பல் இல்லை, சமைக்க ஆளில்லை. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தே நாளைக் கடத்துவார். ஆறாத புண்ணும் கால் வலியும் இருந்தால் ‘வயசாகிடுச்சு’ என்று சும்மா விடாமல் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போங்கள். ஸ்கேவியாக இருந்தால், விற்றமின் மாத்திரை கொடுத்த சில நாளிலேயே சோர்வு குறையும். ஈறும் சில வாரத்தில் தேறும்.