‘லோடு’ என்பது ஓர் அளவா?
கடைக்கும் மண்டபத்துக்கும் தண்ணீர் வாங்குவோர் அறிய வேண்டிய கணக்கு



நமதூரில் டீக்கடை, பிரியாணிக் கடை, இறைச்சிக் கடை, பேக்கரி வைத்திருப்பவர்கள் பலர். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை, கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்று கேட்டால் எல்லோரும் உடனே சொல்லிவிடுவார்கள். “மாதம் எத்தனை லிட்டர் தண்ணீர் வாங்குகிறீர்கள், ஆயிரம் லிட்டர் என்ன விலை விழுகிறது?” என்று கேட்டால் பதில் வராது. எங்களுக்கும் வரவில்லை. முதலில் எங்கள் கதையையே சொல்லிவிடுகிறோம்.

மண்டபக் கணக்கில் கண்டது

டிரஸ்டின் மண்டபத்துக்கு மாதம் நான்கு லாரித் தண்ணீர் வாங்கி வந்தோம். ஒரு லோடு 1,500 ரூபாய். 12,000 லிட்டர் லாரி என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். பத்து மாதம் இப்படியே ஓடியது. ஆண்டுக் கணக்கு எழுத உட்கார்ந்தபோது, பிள்ளைகளின் கல்வி உதவிக்கு ஒதுக்கிய தொகையைவிடத் தண்ணீர்ச் செலவு கூடுதலாக இருந்தது. அப்போதுதான் ரசீதுகளை எடுத்துப் பார்த்தோம். எல்லா ரசீதிலும் ஒரே வார்த்தை: “தண்ணீர் – லோடு 1”. லிட்டர் எங்கேயும் இல்லை.

அடுத்த லாரி வந்தபோது சம்ப்பை அளந்தோம். நீளம் 10 அடி, அகலம் 8 அடி. லாரி இறக்கியதும் தண்ணீர் 4 அடி உயர்ந்தது. 10 × 8 × 4 = 320 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். அப்படியானால் வந்தது சுமார் 9,056 லிட்டர். நாங்கள் நினைத்ததைவிட 2,944 லிட்டர் குறைவு. நாற்பது லோடுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 1,18,000 லிட்டர்!

எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. லாரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் பதற்றப்படாமல் சொன்னார்: “பாய், உங்க மண்டபம் வரைக்கும் ரோடு குண்டும் குழியுமா இருக்கு. முழுசா நிரப்புனா வழியெல்லாம் சிந்தும். பன்னெண்டாயிரம் லிட்டர்னு நான் எப்பவாவது சொன்னேனா? லோடுன்னுதானே சொன்னேன்.”

அவர் சொன்னது உண்மை. அவரும் அளவைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இது எங்கள் சொந்தப் பணமும் அல்ல. சகோதரர்கள் நம்பித் தந்த அமானிதம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ‘அல்முதஃப்பிஃபீன்’ என்று தனி அத்தியாயமே (83) இருக்கிறது. விற்பவர் சரியாக அளக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வாங்குபவர், அதிலும் பொதுப்பணத்தில் வாங்குபவர், அளந்து பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

பாடம் 1: எல்லாவற்றையும் ஆயிரம் லிட்டருக்கு மாற்றுங்கள்

கேன், லோடு, மாதக் கட்டணம் என்று விலை பல விதமாக வருகிறது. அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. ஆயிரம் லிட்டர் என்பது ஒரு கன மீட்டர். பில்லில் ‘கிலோ லிட்டர்’ என்று இருந்தாலும் அதுவேதான். எந்தத் தண்ணீரானாலும் இந்த ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். கீழே உள்ள விலைகள் கணக்கு புரிவதற்காகத்தான். உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்றால், ஆயிரம் லிட்டருக்கு 50 கேன், அதாவது 1,500 ரூபாய்.

9,056 லிட்டர் லோடு 1,500 ரூபாய் என்றால், ஆயிரம் லிட்டருக்கு சுமார் 166 ரூபாய். நாங்கள் 125 ரூபாய் என்று நினைத்திருந்தோம்.

கேன் தண்ணீர் லாரித் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு விலை என்பது இப்போது தெரிகிறதல்லவா? குடிக்கவும் டீ போடவும் கேன் வாங்கலாம். பாத்திரம் கழுவவும் தரை அலசவும் கேனைக் கவிழ்க்கும் கடைக்காரர், லாபத்தைத்தான் சாக்கடையில் ஊற்றுகிறார்.

“எனக்குச் சொந்த போர் இருக்கிறது, தண்ணீர் இலவசம்” என்பவர்களும் கணக்குப் பாருங்கள். ஒரு எச்.பி. என்பது 746 வாட். அந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை மின்சாரம் ஆகும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் கோடையில் கூடிக்கொண்டே போனால் போரில் நீர்மட்டம் இறங்குகிறது, அல்லது மோட்டார் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பாடம் 2: பேரூராட்சி ரசீதைப் படியுங்கள்

குழாய்த் தண்ணீருக்கு நமக்கு ஒரே விநியோகஸ்தர்தான்: பேரூராட்சி. அதை மாற்ற முடியாது. ஆனால் ரசீதைப் புரிந்துகொள்ளலாம். மீட்டர் இல்லாத இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று நிலையான கட்டணம் வரும். ரசீதில் ஐந்து இடங்களைப் பாருங்கள்: குடிநீர் இணைப்பு எண், யார் பெயரில் இருக்கிறது, வீட்டு உபயோகமா வணிக உபயோகமா, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, நிலுவை எவ்வளவு நடப்பு எவ்வளவு.

வாடகைக்குக் கடை பிடிப்பவர்கள், முன்பணம் கொடுக்கும் முன் கடைசி ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முன்பு இருந்தவர் வைத்த நிலுவை உங்கள் தலையில் விழக்கூடாது. வீட்டு இணைப்பைக் கடைக்குத் திருப்பிவிடுவதும், குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுவதும் விதிமீறல். இணைப்பைத் துண்டிக்க நேரிடும். அதைவிடப் பெரியது, தெருக்கோடியில் குடத்தோடு காத்திருக்கும் பெண்ணின் ஹக்கு அது.

இங்கிலாந்தில் பார்ப்போம். 2017 ஏப்ரல் 1 முதல் அங்கே கடைகள், பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குத் தண்ணீர் பில் போடும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் இது 2008-லேயே வந்துவிட்டது. ஆனால் குழாயும் மாறாது, தண்ணீரும் மாறாது. மீட்டர் பார்ப்பது, பில் அனுப்புவது, புகார் கேட்பது ஆகியவைதான் வேறு கைக்குப் போகும். அங்கேயும் பில்லில் மீட்டரை நேரில் பார்த்து எழுதிய அளவும் உண்டு, உத்தேசமாகப் போட்ட அளவும் உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆளை மட்டும் மாற்றினால், அதே தவறு புதிய பில்லிலும் தொடரும். அங்கே கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பாடம் 3: மாற்றும் முன் கசிவைப் பாருங்கள்

மீட்டர் உள்ளவர்கள் இரவு கடை அடைக்கும்போது எண்ணைக் குறித்துவையுங்கள். எல்லாக் குழாயும் மூடியிருந்தும் காலையில் எண் ஓடியிருந்தால், எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாதவர்கள் சம்ப்பில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.

நாங்கள் இஷாவுக்குப் பின் 9 மணிக்கு மோட்டாரை நிறுத்திக் கோடு போட்டோம். காலை 5 மணிக்குப் பார்த்தால் அரை அங்குலம் இறங்கியிருந்தது. அரை அங்குலம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். 10 × 8 அடி சம்ப்பில் அது 94 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 94 என்றால் ஒரு நாளைக்கு 282. மாதத்துக்கு சுமார் 8,500 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீரை மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்! சுவரில் இருந்த விரிசலைக் கொத்தனார் அரை நாளில் அடைத்தார்.

லாரிக்காரர் மீது கோபப்பட்டோமே, எங்கள் சம்ப் செய்தது என்ன? ஒளூவுக்கு நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ தண்ணீர், அதாவது இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவே செலவிட்டதாக ஹதீஸில் வருகிறது. அந்த உம்மத்தின் மண்டபத்தில் தினம் 282 லிட்டர் வீண்!

பாடம் 4: விலைக்கு அடுத்து தரம்

மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஆளை மாற்றிவிடாதீர்கள். எந்த ஊர், எந்த போர் என்று கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை அனுமதி. கையடக்க டி.டி.எஸ். கருவி இந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று நம்பிவிட வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

கேன் வாங்குவோர் மூடியின் சீல், நிரப்பிய தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றையும் பாருங்கள். கேனை வெயிலில் வைக்காதீர்கள். ஆளை மாற்றும்போது, கேனுக்குக் கட்டிய டெபாசிட்டைத் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

பாடம் 5: பேசி முடிவு செய்யுங்கள்

நாங்கள் இன்னொரு லாரிக்காரரிடமும் விலை கேட்டோம். லோடு 1,700 ரூபாய் என்றார். கேட்டவுடன் “இது அதிகம்” என்றார்கள். ஒரு லோடு இறக்கி அளந்தோம். முழுதாக 12,000 லிட்டர் இருந்தது. ஆயிரம் லிட்டருக்கு 142 ரூபாய். 1,500 ரூபாய் லோடுக்கு 166 ரூபாய் கொடுத்தோமே! லோடு விலை கூடுதல், தண்ணீர் விலை குறைவு.

இந்தக் கணக்கைப் பழைய லாரிக்காரரிடம் காட்டினோம். அவர் சற்று யோசித்து, 9,000 லிட்டருக்கு 1,200 ரூபாய் என்று ஒத்துக்கொண்டார். ஆயிரத்துக்கு 133 ரூபாய். ரசீதில் லிட்டரை எழுதித் தரவும் சம்மதித்தார். சம்ப்பில் இப்போது பெயிண்டால் அளவுக்கோடு இருக்கிறது. அவரும் பார்க்கிறார், நாங்களும் பார்க்கிறோம். ஆளை மாற்றவில்லை, பில்லைத்தான் மாற்றினோம். கசிவு அடைந்ததால் மாதம் மூன்று லோடு போதுமாயிற்று. 6,000 ரூபாய்ச் செலவு 3,600 ஆனது. மிச்சமாகும் 2,400 ரூபாய் கல்வி உதவிக்குப் போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஒரே ஒருவரை நம்பி இருப்பதிலும் ஆபத்து உண்டு. நமக்குப் பக்கத்து வீராணம் ஏரியிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் போகிறது. அப்படியும் 2019 கோடையில் அங்கே உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்தது. லாரித் தண்ணீர் விலையும் ஏறியது. ஆகவே இன்னொருவருடைய எண்ணையும் விலையையும் கையில் வைத்திருங்கள்.

மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றை வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும், கடை வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வைக்கலாம். கசிவை அடைத்த வீட்டில் அதற்குத் தண்ணீர் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஒன்று, உங்கள் தொட்டியின் நீள அகலத்தை அளந்து சுவரில் எழுதுங்கள்.
இரண்டு, ஒரு வாரம் வாங்கும் கேன், லோடு, குழாய்த் தண்ணீர் மூன்றையும் நோட்டில் லிட்டராகக் குறியுங்கள்.
மூன்று, ஓர் இரவு கோடு போட்டுக் கசிவைப் பாருங்கள்.
நான்கு, அடுத்த ரசீதில் லிட்டரை எழுதச் சொல்லுங்கள்.

கணக்குப் போடச் சிரமமாக இருந்தால் ரசீதுகளை எடுத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். பள்ளியில் படிக்கும் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். கன அடியை லிட்டராக்கும் கணக்கை நம்மைவிட வேகமாக அவர்கள் போட்டுவிடுவார்கள்.

அல்லாஹ் நம் வியாபாரத்திலும் தண்ணீரிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.