ஏறும் முன் எண்ணுதல்

நுழையும் முன்

கேளிக்கைப் பூங்காவிற்குச் செல்வோர் பெரிதும் விரும்புவது ரோலர் கோஸ்டர். அதில் ஏற ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, இருக்கையில் அமர்ந்த பின் ‘நான் வரவில்லை’ என்று எழுந்துவிடுவோரும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று நகைப்பது முறையா? இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

பனிச்சரிவிலிருந்து இரும்புப் பாதைக்கு

உருசிய நாட்டு மக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே உயர்ந்த மரச்சட்டங்களின்மீது பனிக்கட்டியைப் பரப்பி, அதில் சறுக்கி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டே ரோலர் கோஸ்டருக்கு முன்னோடி. அமெரிக்காவில் நியூயார்க் நகரின் கோனி தீவில் 1884ஆம் ஆண்டு லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த வண்டி, மணிக்கு ஏறத்தாழ 10 கி.மீ. வேகத்தில் சென்றது. மிதிவண்டியில் செல்பவர் அதனை எளிதில் முந்திவிடலாம்.

இந்தியாவில் தில்லியின் அப்பு கர் 1984இல் திறக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான ‘அப்பு’ என்னும் யானைக்குட்டியின் பெயரையே அப்பூங்கா பெற்றது. மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு 1989இலும், கொச்சியில் வீகாலாண்ட் 2000இலும், மகாராட்டிர மாநிலம் கோபோலியில் இமாஜிகா 2013இலும் தோன்றின. பூங்காக்கள் பெருகப் பெருக, சவாரிகளின் உயரமும் வேகமும் பெருகின. இன்று 40 மீட்டர் உயரத்திலிருந்து பாயும் வண்டி, உராய்வைக் கணக்கிடாவிட்டால், அடிவாரத்தை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. வேகத்தைப் பெறும். அதற்குத் தனி எஞ்சின் வேண்டியதில்லை. உயரத்தில் சேர்ந்த நிலையாற்றல் இறங்கும்போது இயக்க ஆற்றலாக மாறுவதே காரணம்.

அச்சமும் அமைப்பும்

சங்கிலியால் இழுக்கப்பட்டு வண்டி மேலேறும்போது, பல ரோலர் கோஸ்டர்களில் ‘டக், டக்’ என்னும் ஒலி எழும். கேட்போர் நெஞ்சை நடுங்கச் செய்யும் அவ்வொலி, உண்மையில் காவலின் ஒலியே ஆகும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருண்டுவிடாதபடி, அடியிலுள்ள கொக்கி ஒவ்வொரு பல்லிலும் விழுந்து பிடிப்பதால் அது எழுகிறது. வண்டியின் சக்கரங்களும் மூவகையின. ஒருவகை பாதையின்மேல் உருளும். மற்றொருவகை பக்கவாட்டில் அணைத்து ஓடும். மூன்றாம் வகை பாதையின் அடியைப் பற்றிக்கொண்டு, வண்டி மேலே எழும்பாமல் காக்கும். அடிச்சக்கரத்திற்கு ஜான் மில்லர் என்பவர் 1919இல் காப்புரிமை பெற்றார். தலைகீழாகச் சுழலும்போதும் வண்டி பாதையை விட்டு விலகாமைக்கு இச்சக்கரமும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்க்கும் அச்சம் தோன்றக்கூடும். பேராபத்தையும் விளையாட்டையும் உடல் உடனே பிரித்தறிவதில்லை. சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது; உள்ளங்கை வியர்க்கிறது; வாய் உலர்கிறது. சிலர் அந்நிலையை இன்பமாக உணர்கின்றனர். சிலர் துன்பமாக உணர்கின்றனர். இவ்வேறுபாடு உடலின் இயல்பைப் பொறுத்ததேயன்றி, வீரத்தைப் பொறுத்ததன்று.

தூக்கப்பட்ட ஒரு கை

புணே நகரத்துப் பள்ளியொன்றின் எட்டாம் வகுப்பு மாணவியர் சுற்றுலாவாக ஒரு பூங்காவிற்குச் சென்றனர் எனக் கொள்வோம். இரு தோழியர் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்தனர். தோள் மீது காப்புச்சட்டம் இறங்கத் தொடங்கியது. அப்போது அவர்களுள் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“என்னடி இது? இத்தனை நேரம் நின்றுவிட்டு இப்போதா இறங்குவாய்?” என்றாள் மற்றவள்.

“நான் வரவில்லை. நீ போய் வா” என்றாள் அவள்.

பணியாளர் காரணம் எதுவும் கேட்கவில்லை. சட்டத்தை உயர்த்தி, எதிர்ப்பக்கக் கதவைக் காட்டினார். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேடையைக் கடந்து படிகளில் தனியே இறங்கினாள். சவாரி இரண்டு நிமிடங்களில் முடிந்தது. அப்படிகளோ அவளுக்கு அதனினும் நீண்டதாகத் தோன்றின.

வெளிவாயிலில், சவாரியின்போது எடுக்கப்பட்ட படங்கள் திரையில் காட்டப்பட்டன. ஒரு படத்தில் தோழியின் அருகிலுள்ள இருக்கை வெறுமையாக இருந்தது. உடன்வந்த சிலர் அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தனர். தோழி சிரிக்கவில்லை. “அவள் கையைத் தூக்கியபோது எனக்கும் தூக்க வேண்டும் போல் இருந்தது. நீங்கள் சிரிப்பீர்களே என்று பயந்துதான் உட்கார்ந்திருந்தேன்” என்றாள்.

இருவருக்கும் அச்சம் இருந்தது. ஒருத்தி உயரத்திற்கு அஞ்சினாள். மற்றவள் உயரத்திற்கும் நகைப்பிற்கும் அஞ்சினாள். ‘இறங்கியவள் கோழை, இருந்தவள் வீரம் மிக்கவள்’ என்னும் தீர்ப்பு இங்கே பொருந்துமா?

துணிவு தொடங்கும் இடம்

வள்ளுவர் ‘அறிவுடைமை’ அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை என்னும் கருத்தைக் கூறுகிறார். அவரே ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில், நன்கு எண்ணிய பின்பே செயலில் இறங்க வேண்டும் என்றும், இறங்கிய பின் எண்ணிக்கொள்ளலாம் என்பது குற்றம் என்றும் உணர்த்துகிறார். ஒருவர் இரண்டாவது கருத்தைக் காட்டி, “வரிசையில் நின்றுவிட்டாய், இனிப் பின்வாங்குவது இழுக்கு” என்று வாதிடலாம்.

அவ்வாதத்திற்கு விடை, செயல் எங்கே தொடங்குகிறது என்பதில் உள்ளது. வரிசையில் நிற்பது எண்ணுதற்குரிய காலம். அறிவிப்புப் பலகையைப் படிப்பதும், முன்செல்லும் வண்டியைப் பார்ப்பதும் அவ்வெண்ணத்தின் பகுதிகளே. இதயநோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து வலி உடையோரும், கருவுற்றோரும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரும் ஏறலாகாது என்று அப்பலகை கூறும். குறைந்த அளவு உயரமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். இருக்கையில் அமர்ந்த பின்னும், வண்டி புறப்படும் வரை எண்ணும் காலம் முடிவதில்லை. பணியாளர் ஒவ்வொரு காப்புச்சட்டத்தையும் இழுத்துப் பார்க்கும் நேரமே கடைசி வாய்ப்பு. அப்போது கையை உயர்த்தி, உரத்த குரலில், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வண்டி புறப்பட்ட பின்னரோ நிலைமை வேறு. அங்கே இரண்டாம் கருத்து முழுமையாகப் பொருந்தும். எழ முயல்வதும், சட்டத்திலிருந்து நழுவ முயல்வதும் உயிருக்கே தீங்காகும். தலையை இருக்கையில் சாய்த்து, கைப்பிடியைப் பற்றி, மூச்சைச் சீராக விட்டு, முடியும் வரை இருப்பதே அறிவுடைமை. ஆகவே ஏறும் முன் விலகுவது எண்ணித் துணிதலின் ஒரு வகை. ஏறிய பின் பதறுவதே இழுக்கு.

உடனிருப்போர் கடமை

விலகியவரை நகைப்பவர், அடுத்தவரின் கையையும் கட்டிவிடுகிறார். நகைப்பிற்கு அஞ்சி, நோயை மறைத்து ஏறுபவருக்குத் தீங்கு நேர்ந்தால் அந்நகைப்பிற்கும் அதில் பங்குண்டு. “சரி, கீழே காத்திரு, வந்துவிடுகிறேன்” என்னும் ஒரு சொல் போதும். விலகியவரும் ஏறுவோரைத் தடுக்க வேண்டியதில்லை. அவர் மற்றொரு நாள் ஏறலாம், ஏறாமலே இருக்கலாம். இரண்டும் அவர் விருப்பம்.

சொல்லும் பொருளும்

உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
பேதைமை – அறியாமை
இழுக்கு – குற்றம், குறை
காப்புரிமை – புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனியுரிமை
நகைப்பு – ஏளனச் சிரிப்பு
அண்மையில் – சிறிது காலத்திற்கு முன்

மொழியை அறிவோம்: மறுத்துச் சொல்லும் முறை

தமிழில் மறுப்பதற்குப் பல வடிவங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருளைத் தரும்.

1. நான் ஏறவில்லை – செயல் நிகழவில்லை என்னும் பொருள். பேச்சில் மென்மையான மறுப்பாகவும் வரும்.
2. நான் ஏற மாட்டேன் – மனவுறுதியைக் காட்டும் மறுப்பு.
3. என்னால் ஏற இயலாது – ஆற்றலின்மையைக் காட்டும் மறுப்பு.
4. நீ ஏற வேண்டா – பிறரைத் தடுத்தல்.

‘மாட்டேன்’ என்பது விருப்பத்தையும், ‘இயலாது’ என்பது ஆற்றலையும் குறிப்பதை நோக்குக. விருப்பமில்லாதபோது, உடல்நிலையைப் பொய்க்காரணமாகக் காட்டி ‘இயலாது’ என்று கூற வேண்டியதில்லை. ‘மாட்டேன்’ என்றே கூறலாம்.

பயிற்சி

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. கோனி தீவில் தாம்சன் அமைத்த வண்டி ______ ஆம் ஆண்டில் ஓடியது.
2. வண்டி மேலே எழும்பாமல் காப்பது ______ சக்கரம்.
3. தில்லி அப்பு கர் தன் பெயரை ______ இலிருந்து பெற்றது.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. வண்டி மேலேறும்போது ‘டக், டக்’ ஒலி எழக் காரணம் யாது?
2. யார் யார் ஏறலாகாது என அறிவிப்புப் பலகை கூறும்?
3. தோழி ஏன் கையைத் தூக்கவில்லை?

இ) ஐந்து தொடர்களில் விடை தருக.
1. ‘வரிசையில் நின்ற பின் விலகுவது இழுக்கு’ என்பாருக்குப் பாடம் கூறும் விடையை எழுதுக.
2. தோழியர் இருவருள் எவர் துணிவு மிக்கவர்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ) ‘இயலாது’, ‘மாட்டேன்’, ‘வேண்டா’ ஆகியவற்றுள் பொருத்தமானதை எழுதுக.
1. கால் முறிந்திருப்பதால் என்னால் ஓட ______.
2. எவ்வளவு வற்புறுத்தினாலும் நான் பொய் சொல்ல ______.
3. வண்டி நகரும்போது நீ எழுந்திருக்க ______.

உ) செயல்பாடு
இறுதி நேரத்தில் ஒன்றிலிருந்து விலகிய ஒருவரிடம் (பாட்டுப் போட்டி, நீச்சல், மேடைப்பேச்சு முதலியன) பேசுக. அப்போது உடனிருந்தோர் கூறிய சொற்களுள் உதவியது எது, புண்படுத்தியது எது எனக் கேட்டு, அவர் பெயரைக் குறிப்பிடாமல் பத்துத் தொடர்களில் எழுதுக.