பழைய காருக்கு ஆயில் பில்டரும் காஸ்கெட்டும்

அம்பாசடரையோ பியட்டையோ அபிமானத்தோடு பேணிவரும் திருவேங்கடம் வட்டாரத்து அன்பர்கள், உதிரிபாகம் தேடிப் பிரயாணம் புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை:

● காரின் பெயரைக் காட்டிலும் எஞ்சினின் வம்சத்தைச் சொல்லிக் கேட்பதே உத்தமம். பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்ததாகையால், அதே வரிசையைக் கொண்ட எம்.ஜி.ஏ. காரின் காஸ்கெட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிற்காலத்து 1800 இசுசு எஞ்சினுக்கோ இவை பொருந்தா.

● பழைய பில்டரை எறிந்துவிடாமல், அதையே மாதிரியாகச் சங்கரன்கோவில், ராஜபாளையம் கடைகளில் முதலில் காட்டி, அங்கே அகப்படாவிடில் சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் விசாரிக்கலாம். மரை ஒத்திருப்பது மாத்திரம் போதாது. உயரமும், ரப்பர் வளையத்தின் விட்டமும், பைபாஸ் வால்வின் அமைப்பும் ஒத்திருத்தல் அவசியம்.

● புதியதை மாட்டுமுன், பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பரீட்சிக்கவும். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் ஆயில் ஒழுகுவது நிச்சயம்.

● டாப்பெட் கவருக்குரிய காஸ்கெட் கிடைக்காவிடில், பழையதை அச்சாக வைத்துக் கார்க் ஷீட்டில் கத்தரித்துக்கொள்ளலாம். ஹெட் காஸ்கெட் விஷயத்தில் இந்தச் சாமர்த்தியம் உதவாது; தயாரித்து விற்பதையே வாங்க வேண்டும்.

● செப்பு வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகும்.

● பழைய காஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடுமாதலால், உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நன்கு நனைத்து, தக்க முகக்கவசம் அணிந்தே அகற்றுவது ஆரோக்கியத்துக்கு உகந்தது.